‘அவுட் ஆஃப் ஆப்ரிக்கா’: சுதந்திரமான காதலுக்கு யார் விலை கொடுப்பது?

1985இல் வெளிவந்த ‘அவுட் ஆஃப் ஆப்ரிக்கா’ படத்தை முதல்முறை பார்க்கும் பலர் பாதியிலேயே பொறுமை இழந்துவிடுகிறார்கள். 161 நிமிடம் ஓடுகிறது. வில்லன் கிடையாது. பெரிய திருப்பங்கள் கிடையாது. சிட்னி பொல்லாக் இயக்கம், மெரில் ஸ்ட்ரீப், ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடிப்பு, ஜான் பேரியின் இசை, ஏழு ஆஸ்கர். இவ்வளவு இருந்தும், எதைப் பற்றிய படம் என்று கேட்டால் ‘காதல், சுதந்திரம், இழப்பு’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். உலகத்தில் பாதிக் காதல் படங்களைப் பற்றி இப்படிச் சொல்லிவிடலாம்.

இந்தப் படத்தில் அந்த மூன்றும் தனித்தனியாக இல்லை. ‘இங்கே எது யாருக்குச் சொந்தம்?’ என்ற ஒரே கேள்வியிலிருந்துதான் மூன்றும் பிறக்கின்றன. ஒருவரை நேசிக்கும்போது, அவர் கூடவே இருக்க வேண்டும் என்ற ஆசை வருகிறது. அந்த ஆசை கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாக மாறுகிறது. உரிமை கோரியதும் மற்றவருக்கு மூச்சு முட்டுகிறது, சுதந்திரம் வேண்டும் என்கிறார். சொந்தம் என்று நினைத்தது கைவிட்டுப் போகும்போது அதற்கு இழப்பு என்று பெயர். இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், மெதுவாக நகர்வதாகத் தோன்றிய காட்சிகள் எல்லாம் எதற்காக வைக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரன் டென்மார்க்கில் வசதியான வீட்டுப் பெண். அவள் விரும்பிய ஸ்வீடன்காரன் அவளைக் கைவிட்டுவிடுகிறான். உடனே அவனுடைய உடன்பிறந்தான் புரோர் பிளிக்ஸனிடம் போய் அவளே கல்யாணப் பேச்சை எடுக்கிறாள். பணம் அவள் குடும்பத்துடையது, பிரபுப் பட்டம் அவனுடையது. இருவரும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் புது வாழ்க்கை தொடங்குவதாக ஏற்பாடு. மாட்டுப்பண்ணை வைப்பதாகப் பேசியிருந்த புரோர், அவளைக் கேட்காமலேயே காப்பி போடுவதென்று முடிவு செய்துவிடுகிறான். தோட்டம் இன்றைய கென்யாவின் நைரோபிக்குப் பக்கத்தில், ங்கோங் குன்றுகளின் அடிவாரத்தில், 6,000 அடிக்கும் மேலான உயரத்தில். காப்பிக்கு அது சரிப்படாத உயரம். புரோர் வேட்டைக்கும் மற்ற பெண்களிடமும் போய்விடுகிறான். அவளுக்குக் கொடுத்தது சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அவர்கள் பிரிந்த பிறகு டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் என்ற ஆங்கிலேய வேட்டைக்காரன் அவள் வாழ்க்கைக்குள் முழுதாக வருகிறான். ஆனால் ஒருபோதும் முழுதாகத் தங்குவதில்லை.

கேரன் பிளிக்ஸன் நிஜமான மனிதர். 1914 ஜனவரியில் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கியவர், 1931இல் எல்லாவற்றையும் இழந்து டென்மார்க் திரும்பினார். ஐசக் டினேசன் என்ற புனைபெயரில் எழுத்தாளரானார். படத்தின் பெயர் 1937இல் வந்த அவருடைய நினைவுநூலின் பெயர்தான். இதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது: அந்த நூலில் இந்தக் காதல் கதை கிட்டத்தட்ட இல்லை. டெனிஸ் ஓர் அருமையான நண்பராக வந்துபோகிறார், புரோர் கிட்டத்தட்டக் கண்ணிலேயே படுவதில்லை. பிறகு வந்த வாழ்க்கை வரலாறுகளையும் சேர்த்துத்தான் திரைக்கதை எழுதப்பட்டது. அதனால் இனி நான் ‘அவள்’, ‘அவன்’ என்று சொல்வதெல்லாம் படத்தில் வரும் கேரனையும் டெனிஸையும்தான்.

கேரன் எப்படி அறிமுகமாகிறாள் என்று கவனியுங்கள். ரயில் நடுவழியில் நிற்கிறது. அவள் கொண்டுவந்த பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஆட்கள் நெருங்கியதும் பதறிப்போய் விரட்டுகிறாள். உள்ளே இருப்பது பிரான்ஸின் லிமோஜ் பீங்கான், படிகக் கண்ணாடிச் சாமான்கள். அந்த நேரத்தில் அதே ரயிலில் யானைத் தந்தங்களை ஏற்றிக்கொண்டிருக்கும் டெனிஸ், அது லிமோஜ் என்று அவர்களுக்குத் தெரியாது என்கிறான். இருவருடைய குணமும் முதல் சந்திப்பிலேயே நம் முன்னால் வைக்கப்பட்டுவிடுகிறது. அப்புறம் வீடு நிறைகிறது: குயில் கூவும் கடிகாரம், நாற்காலிகள், புத்தகங்கள். உணவு பரிமாறும் ஜூமாவின் கைகளில் வெள்ளைக் கையுறை மாட்டிவிடுகிறாள். ஓடும் ஆற்றை மறித்து அணை கட்டுகிறாள். இந்தத் தண்ணீரின் வீடு மொம்பாசா, அது அங்கேதான் போகும் என்கிறார்கள் அந்தப் பகுதியில் வாழும் கிகூயு மக்கள். அவள் கேட்பதில்லை.

இதைப் பார்த்துவிட்டு கேரனைப் பேராசைக்காரி என்று முடிவு கட்டக் கூடாது. அவளும் சுதந்திரம் தேடி வந்தவள்தான். கல்யாணமாகாத பெண்ணாகச் சொந்த ஊரில் இருந்திருந்தால் அவள் வாழ்க்கை ஒரு வரவேற்பறைக்குள் முடிந்திருக்கும். நைரோபியில் கிளப்பின் மதுக்கூடத்துக்குள் தெரியாமல் நுழைந்தவளை, பெண்களுக்கு இங்கே அனுமதி இல்லை என்று வெளியே அனுப்புகிறார்கள். அவளைப் போன்ற ஒரு பெண்ணுக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் வாழ்க்கை வேண்டுமானால் காலுக்குக் கீழே நிலம் வேண்டும். கேரனுக்குச் சுதந்திரம் என்றால் ஓரிடத்தில் வேர்விட முடிவது. டெனிஸுக்குச் சுதந்திரம் என்றால் எந்த இடத்திலும் வேர்விடாமல் இருப்பது. படத்தின் மோதலே இதுதான்.

டெனிஸால் அப்படி வேர்விடாமல் இருக்க எப்படி முடிகிறது? நிஜ டெனிஸ் ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் இளைய மகன்; ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர். கிளம்ப வேண்டும் என்று தோன்றினால் கிளம்பிப் போக முடிகிற குடும்பப் பின்னணி. படம் இதை அதிகம் சொல்வதில்லை. ரெட்ஃபோர்ட் அமெரிக்க உச்சரிப்பிலேயே பேசியதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு: எந்தக் குடும்பமும் எந்தப் பணமும் பின்னால் இல்லாமல், காற்றிலிருந்து பிறந்தவன் மாதிரி அவன் வந்து நிற்கிறான். அதனால் அவனுடைய சுதந்திரம் ஒரு குணமாகத் தெரிகிறது. அது ஒரு வசதியும்கூட.

இருந்தாலும் அவன் தருபவை அழகானவை. ஒரு திசைகாட்டி தருகிறான். இரவு முழுக்க அவள் கதை சொன்னதற்குக் கூலியாக ஒரு பேனா தருகிறான். காட்டின் நடுவே கிராமபோனில் மொஸார்ட் வைக்கிறான். ஆற்றங்கரையில் கவிதை சொல்லிக்கொண்டே அவள் தலைமுடியை அலசிவிடுகிறான். திசைகாட்டியும் பேனாவும் அவள் தானாக ஓரிடத்துக்குப் போக உதவுகிற பொருள்கள் என்பதைப் பாருங்கள். அவளைக் கட்டிப்போடும் எதையும் அவன் தருவதில்லை. மோதிரமும் தருவதில்லை.

அப்புறம் அந்த விமானக் காட்சி. மஞ்சள் நிற ஜிப்ஸி மாத் விமானத்தில் அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஓட்டுகிற அவன் பின்னால். கீழே ஏரியிலிருந்து பூநாரைகள் கூட்டமாக எழும்புகின்றன. அவள் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டுகிறாள், அவன் பிடித்துக்கொள்கிறான். வேலி, எல்லைக்கல் எதுவும் கண்ணில் படாத உயரத்திலிருந்து நிலத்தைப் பார்க்கும்போது அவளும் ஒரு கணம் அவன் பக்கத்துக் கட்சிக்கு வந்துவிடுகிறாள்.

படத்தின் முதல் முக்கியமான உரையாடல் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. தோட்டத்துக் கிகூயு பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேரன் விரும்புகிறாள். அவர்களைக் கேட்டாயா என்கிறான் டெனிஸ். அவர்களுக்கும் கதைகள் உண்டு, எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான் என்கிறான். பேச்சு வளர்கிறது. என் கிகூயுக்கள், என் லிமோஜ், என் பண்ணை என்று அவள் சொந்தம் கொண்டாடும் எல்லாவற்றையும் அவன் வரிசையாகச் சொல்லிக் காட்டுகிறான். ஒவ்வொன்றுக்கும் நான் விலை கொடுத்திருக்கிறேன் என்கிறாள் அவள். நாம் இங்கே சொந்தக்காரர்கள் இல்லை, வெறுமனே கடந்து போகிறவர்கள் என்கிறான் அவன்.

கேட்க ஞானம் மாதிரி இருக்கிறது. பார்வையாளர் பெரும்பாலும் அந்த இடத்தில் டெனிஸ் பக்கம் சாய்ந்துவிடுகிறார். இந்த வாக்கியத்தை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இரண்டாவது உரையாடல்தான் படத்தின் முதுகெலும்பு. அவன் வருகிறான், போகிறான். எப்போது வருவான் என்று சொல்வதில்லை. ஃபெலிசிட்டி என்ற இளம்பெண் அவனோடு ஒரு பயணத்துக்கு வர ஆசைப்படுகிறாள். கேரனால் அதைத் தாங்க முடியவில்லை. இங்கிருந்து கல்யாணப் பேச்சு வருகிறது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் என் அன்பு கூடிவிடாது என்கிறான் டெனிஸ். உன்னோடு இருப்பது என் விருப்பத்தால். இன்னொருவர் வகுத்துவைத்த வாழ்க்கையின் முடிவில் ஒருநாள் விழித்துப் பார்க்க நான் தயாராக இல்லை. என் வாழ்க்கைக்கு நானே விலை கொடுக்கிறேன்: சில நேரம் தனிமை, தேவைப்பட்டால் தனியாகச் சாவதும்கூட. அது நியாயம்தானே?

முழு நியாயம் இல்லை என்கிறாள் கேரன். அந்த விலையை நானும் கொடுக்க வேண்டும் என்று நீ எதிர்பார்க்கிறாயே.

இந்தப் பதிலுக்காகவே இந்தப் படத்தை நான் மதிக்கிறேன். இது மட்டும் இல்லாவிட்டால், பற்றில்லாத ஆண், பற்றுள்ள பெண், அவளுக்கு அவன் பாடம் நடத்துகிறான் என்ற சாதாரணக் கதையாக முடிந்திருக்கும். பதில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளின் மாலைகள் அவன் கணக்கில் வரவில்லை. அவன் திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருக்கிறது, விளக்கு எரிகிறது, சாப்பாடு இருக்கிறது, கதை கேட்க ஆள் இருக்கிறது. அதை எல்லாம் ஒருத்தி ஓரிடத்தில் நின்றுகொண்டு பார்த்துக்கொள்வதால்தான் அவனால் அலைய முடிகிறது.

அதற்காக அவன் பொய் சொல்கிறான் என்று இல்லை. அவன் எதையும் மறைக்கவில்லை, தந்த வாக்கு எதையும் மீறவும் இல்லை. இருவர் சொல்வதும் உண்மை, இரண்டும் ஒரே வீட்டில் வாழ முடியாது. நல்ல காதல் படத்துக்கு வில்லன் தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். டெனிஸ் கிளம்பிப் போகிறான்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் மக்களான மசாய்களைப் பற்றி டெனிஸ் ஓரிடத்தில் சொல்வது இங்கே நினைவுக்கு வர வேண்டும். அவர்களைச் சிறையில் அடைத்தால் செத்துப்போவார்கள், ஏனென்றால் அவர்கள் இன்றைக்குள் மட்டுமே வாழ்கிறவர்கள், ஒருநாள் வெளியே விடுவார்கள் என்பதே அவர்களுக்குப் புரியாது என்கிறான். இதை மசாய்களைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தான் எப்படி இருக்க ஆசைப்படுகிறானோ, அந்த உருவத்தை ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் ஏற்றிச் சொல்கிறான். நாளை என்ன ஆகும் என்று யோசிக்காத மக்கள் எங்கேயும் கிடையாது.

இழப்பு வேகமாக வருகிறது. காப்பி ஆலை தீப்பிடித்து எரிகிறது. ஆற்றுத் தண்ணீர் அணையை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. அது போகட்டும், அதன் வீடு மொம்பாசாதானே என்று இப்போது கேரனே சொல்கிறாள். கடன் கழுத்தை நெரிக்கிறது. வீட்டுச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்கிறாள். காலியான வீட்டுக்கு டெனிஸ் வருகிறான். உன் பொருள்கள் எனக்குப் பிடிக்க ஆரம்பித்திருந்தது என்கிறான். அவை இல்லாமல் வாழ்வது எனக்குப் பிடிக்க ஆரம்பித்திருந்தது என்கிறாள் அவள். இருவரும் இடம் மாறிவிட்டார்கள். தனியாக இருப்பதை நீ எனக்குக் கெடுத்துவிட்டாய் என்றும் அவன் சொல்கிறான். என்னைப் பொறுத்தவரை அந்தப் படத்தின் காதல் வசனம் அதுதான். காலம் கடந்து வருகிறது. வெள்ளிக்கிழமை வந்து உன்னை மொம்பாசாவுக்கு விமானத்தில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிப் போகிறவன் திரும்புவதில்லை. செய்தியைக் கொண்டுவருவது புரோர்.

நிஜத்திலும் டெனிஸ் 1931 மே 14 அன்று வோய் என்ற ஊரில் விமானம் நொறுங்கி இறந்தார். ங்கோங் குன்றுகளில் அடக்கம் செய்யப்பட்டார்.

அடக்கத்தின்போது கேரன் சொல்வதில் படத்தின் கேள்விக்கு அவள் கண்டடைந்த பதில் இருக்கிறது. இளமையில் இறந்த ஓட்டப்பந்தய வீரனைப் பற்றிய கவிதையை வாசித்துவிட்டு, அவன் நம்முடையவனாக இருக்கவில்லை, என்னுடையவனாகவும் இருக்கவில்லை என்கிறாள். ஒரு பிடி மண்ணை எடுக்கிறாள். போட முடியவில்லை. அந்தக் கையாலேயே தலைமுடியைக் கோதியபடி நடந்துபோய்விடுகிறாள். ஸ்ட்ரீப் அங்கே அழுது தீர்த்திருந்தால் காட்சி பாழாகியிருக்கும். சொந்தமில்லை என்று வாய் சொல்கிறது, கை மண்ணை விட மறுக்கிறது. உடைமை உணர்வை வென்றுவிட்ட ஞானியாக அவளை ஆக்காமல் விட்டது படத்தின் நேர்மை.

அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறாள். ஜூமாவின் கையுறைகளைக் கழற்றுகிறாள். டெனிஸ் கொடுத்த திசைகாட்டியை, இத்தனை வருடமும் வீட்டையும் அவளையும் பார்த்துக்கொண்ட சோமாலியரான ஃபாராவிடம் கொடுக்கிறாள். எப்போதும் எஜமானி என்று அழைத்தவரிடம் ஒருமுறை தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். வெளியே துரத்திய கிளப் ஆண்கள் இப்போது அவளை உள்ளே அழைத்து மது தருகிறார்கள். எதுவும் மிச்சமில்லாதபோது மரியாதை வருகிறது.

சரி, ஓரமாக வைத்த அந்த வாக்கியத்துக்கு வருவோம். ‘நாம் இங்கே கடந்து போகிறவர்கள்.’ யார் அந்த ‘நாம்’? டெனிஸும் கேரனும் புரோரும் கடந்து போகிறவர்கள்தான். கிகூயு மக்கள் அப்படி இல்லை. அவர்கள் அங்கேயே இருந்தவர்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் 1902ஆம் ஆண்டு நிலச் சட்டம் ஐரோப்பியர்களுக்கு நிலத்தை அள்ளிக்கொடுக்க வழி செய்தது. 1915 சட்டம் ஆப்பிரிக்கர்கள் குடியிருந்த நிலத்தையும் பிரிட்டிஷ் முடியின் நிலமாக்கி, வெள்ளையர்களின் குத்தகையை 999 ஆண்டுக்கு நீட்டியது. தாத்தா காலத்து நிலத்திலேயே கிகூயு குடும்பங்கள் அண்டியிருப்பவர்களானார்கள். தோட்ட நிலத்தில் கொஞ்சம் பயிர் செய்துகொள்ளலாம், மாடு மேய்க்கலாம். பதிலுக்குத் தோட்டக்காரருக்கு வேலை செய்ய வேண்டும். 1918இல் வந்த சட்டம் அதை வருடத்துக்குக் குறைந்தது 180 நாள் என்று வைத்தது.

கேரன் டெனிஸிடம் கேட்ட அதே கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். உங்கள் சுதந்திரத்துக்கு நாங்களும் ஏன் விலை கொடுக்க வேண்டும்? டெனிஸின் எல்லையில்லாத புல்வெளிக்கும், கேரன் தன் காலில் நின்ற பண்ணைக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது. படத்துக்கு இது கொஞ்சம் தெரியும். பண்ணை விற்கப்பட்டால் கிகூயுக்கள் எங்கே போவார்கள் என்று கேரன் அலைகிறாள். புது ஆளுநர் முன்னால், எல்லோரும் பார்க்க மண்டியிட்டுக் கெஞ்சுகிறாள். நிஜக் கேரனும் அந்தக் குடும்பங்கள் பிரியாமல் ஒரே இடத்தில் குடியேற நிலம் கேட்டுப் போராடினார். அது உண்மையான அக்கறை, குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் கேமரா மண்டியிட்ட பெண்ணின் முகத்தைத்தான் பார்க்கிறது. நிலத்தை இழந்தவர்கள் என்ன நினைத்தார்கள், தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு காட்சிகூட இல்லை. கிகூயு மொழியில் எழுதிய கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, பிளிக்ஸனின் எழுத்தைக் கடுமையாக விமர்சித்தார். அதில் தெரிவது ஒருவர் தன் குதிரையிடமோ செல்லப்பிராணியிடமோ காட்டுகிற அன்புதான் என்பது அவர் விமர்சனத்தின் சாரம்.

இதனால் படத்தைப் பார்க்காமல் விட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. காதலுக்குள் நடக்கும் உடைமைச் சண்டையை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய படங்கள் குறைவு. தான் கண்டுபிடித்த கேள்வியை நிலத்தின் மேல் கடைசிவரை கேட்கத் துணியவில்லை, அவ்வளவுதான். கேரனின் வீட்டை, கென்யா விடுதலை பெற்ற சமயத்தில், டென்மார்க் அரசு கென்யாவுக்குக் கொடுத்தது. இப்போது அது அருங்காட்சியகம். சுற்றியுள்ள பகுதி நைரோபியின் பணக்காரப் புறநகர்களில் ஒன்று.

படம் பார்த்த கையோடு கூகி 1964இல் வெளியிட்ட ‘வீப் நாட், சைல்ட்’ நாவலையும் படித்துவிடுங்கள். அதில் ங்கோதோ என்ற கிகூயு தகப்பன், தன் முன்னோர்களுடைய நிலத்தில் ஒரு வெள்ளைக்காரருக்குக் கூலியாக வேலை செய்கிறார். அந்த நிலம் தனக்குத் திரும்பி வரும் என்று காத்திருக்கிறார். அந்த வெள்ளைக்காரரும் அதே மண்ணை உயிராக நேசிக்கிறார். கேரனின் பண்ணையில் வேலை செய்தவர்கள் படத்தில் பேசாமல் விட்டது ஏறக்குறைய எல்லாம் அந்தச் சிறு நாவலில் இருக்கிறது.